ராக்கரும் வால்வு ஸ்பிரிங்கும் மாற்றினால் வண்டி மலை ஏறுமா?

கம்பத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பெருநாள் விடுமுறையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வீட்டில் பெட்ரோல் அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. அத்தா காலத்து வண்டி. அதில்தான் அவர் தினமும் கம்பத்துக்கும் குமுளிக்கும் கடை வேலையாகப் போய் வருகிறார். மாதம் இரண்டு முறை அத்தாவைத் தேனி அருகே க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதே வண்டியில்தான். கொஞ்ச நாட்களாக லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி இழுக்க மறுக்கிறது. இணையத்தில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். ராக்கரை மாற்றி, வால்வு ஸ்பிரிங்கையும் கடினமானதாகப் போட்டால் இன்ஜின் பறக்கும் என்று அதில் சொல்கிறார்களாம். "பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், போடலாமா?" என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் பள்ளத்தாக்கு முழுவதும் பழைய வண்டிகளை வைத்துப் பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் நிறைய. அந்தக் குடும்பங்களில் வண்டி ஒரு வாரம் ஒர்க் ஷாப்பில் நின்றால் ஒரு வார வருமானமும் நின்றுவிடும். ஆகவே, இந்த இரண்டு பாகங்களும் என்ன வேலை செய்கின்றன, மாற்றினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை விரிவாகவே பார்ப்போம்.

ராக்கர் என்பது என்ன?

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு வாசல் வேண்டும். எரிந்த புகை வெளியேற இன்னொரு வாசல் வேண்டும். இந்த வாசல்களுக்குக் கதவு போல இருப்பவைதான் வால்வுகள். அம்பாசிடரில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள்.

இந்தக் கதவை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கேம் ஷாஃப்ட். அம்பாசிடரில் அது இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கீழே இருக்கிறது. வால்வோ மேலே ஹெட்டில் இருக்கிறது. கேமின் மேடு டேப்பெட்டைத் தூக்கும்; டேப்பெட் புஷ் ராடைத் தூக்கும்; புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளும்; ராக்கரின் மறுமுனை கீழே இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். பிள்ளைகள் பூங்காவில் ஆடும் சீசாப் பலகையைப் போலத்தான். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும்.

ஆனால் இந்தச் சீசாவின் நடுத்தண்டு சரியாக நடுவில் இருப்பதில்லை. புஷ் ராடு பக்கம் குட்டையாகவும் வால்வு பக்கம் நீளமாகவும் இருக்கும். அதனால் புஷ் ராடு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் வால்வு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். இந்தக் கணக்கைத்தான் ராக்கர் விகிதம் என்கிறார்கள். அம்பாசிடரில் இது சுமார் 1.4. விகிதம் அதிகமுள்ள ராக்கரைப் போட்டால், கேம் ஷாஃப்ட்டைத் தொடாமலேயே வால்வை அதிகம் திறக்க வைக்கலாம். வீடியோவில் சொல்லும் ரகசியம் இவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் ராக்கர் இருக்கிறதா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பழைய பிரீமியர் பத்மினி, மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ வகை டீசல் இன்ஜின் ஆகிய எல்லாமே புஷ் ராடும் ராக்கரும் உள்ளவை. மாருதி 800, ஆம்னி ஆகியவற்றில் இருக்கும் 796 சிசி இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டிலேயே இருக்கிறது. அதனால் புஷ் ராடு கிடையாது. ஆனால் ராக்கர் உண்டு.

மாருதி ஸ்விஃப்டின் கே வரிசை பெட்ரோல் இன்ஜினில் ராக்கரே இல்லை. கேமின் மேடு கிண்ணம் போன்ற டேப்பெட்டை நேராக அமுக்கி வால்வைத் திறக்கிறது. அதே ஸ்விஃப்டின் பழைய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் ராக்கருக்குப் பதிலாக உருளை பொருத்திய சிறிய கரங்களும், இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆயில் டேப்பெட்டும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களிடம் யாராவது "ராக்கர் மாற்றித் தருகிறேன்" என்று சொன்னால், அவருக்கு அந்த இன்ஜினைப் பற்றித் தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்பிரிங்கின் வேலை

ராக்கர் கதவைத் திறக்கிறது. அதை மூடுவது ஸ்பிரிங். மூடுவது எளிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. 5000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 40 முறைக்கும் மேல். ஒவ்வொரு முறையும் வால்வு, ராக்கர், புஷ் ராடு, டேப்பெட் ஆகிய எல்லாவற்றையும் நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்து, கேமின் மேட்டோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டியது அந்த ஒற்றை ஸ்பிரிங்கின் பொறுப்பு.

இதில் ஒரு கணக்கு முக்கியம். சுழற்சி கூடும்போது ஸ்பிரிங்குக்கு வரும் வேலை அதே அளவில் கூடுவதில்லை. இருமடிக் கணக்கில் கூடுகிறது. 4000 சுற்றிலிருந்து 5000 சுற்றுக்குப் போனால் சுழற்சி கால் பங்குதான் கூடியிருக்கும். ஆனால் ஸ்பிரிங் அடக்க வேண்டிய விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் அடக்க முடியாமல் போகும். அப்போது டேப்பெட் கேமை விட்டுத் துள்ளும். வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் மிதக்கும். மேலே வரும் பிஸ்டன் மிதக்கும் வால்வை இடித்தால் புஷ் ராடு வளையும், வால்வு கோணும், சில நேரம் பிஸ்டனே உடையும். பந்தய இன்ஜின்களில் கடினமான ஸ்பிரிங் போடுவது இதைத் தடுக்கத்தான்.

ஆகவே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கடினமான ஸ்பிரிங் தனியாக எந்த சக்தியையும் தருவதில்லை. அதிக சுழற்சியில் வால்வு மிதக்காமல் காப்பது ஒன்றே அதன் வேலை. சுழற்சி அதிகமாகப் போகாத இன்ஜினில் கடினமான ஸ்பிரிங் வெறும் சுமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிந்துகொள்வதற்காக மட்டும் சில உருண்டையான எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கேம் மேடு 6.4 மி.மீ. தூக்குகிறது, ராக்கர் விகிதம் 1.4. வால்வு ஏறத்தாழ 9 மி.மீ. திறக்கும். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் 30 கிலோ விசையில் அமுக்குகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டர் இறங்கும்போதும் 4 கிலோ கூடுகிறது என்றால், முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் விசை சுமார் 66 கிலோ.

ஆனால் சீசாவின் மறுபக்கத்தை மறக்கக் கூடாது. வால்வு பக்கம் 66 கிலோ என்றால், குட்டையான புஷ் ராடு பக்கம் அது 1.4 மடங்காகிறது. கேமின் மேட்டில் விழும் சுமை சுமார் 92 கிலோ.

இப்போது 1.55 விகித ராக்கரும், மூடிய நிலையில் 40 கிலோவும் மில்லிமீட்டருக்கு 5 கிலோவும் உள்ள ஸ்பிரிங்கும் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வால்வு 9.9 மி.மீ. திறக்கும். திறப்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் ஸ்பிரிங் விசை சுமார் 90 கிலோவாகிறது. கேமின் மேட்டில் விழும் சுமை சுமார் 139 கிலோ. அதாவது வால்வு பத்தில் ஒரு பங்கு அதிகம் திறப்பதற்காகக் கேமுக்கும் டேப்பெட்டுக்கும் பாதிக்குப் பாதி கூடுதல் சுமையை ஏற்றியிருக்கிறோம்.

அம்பாசிடரில் டேப்பெட்டின் அடி தட்டையானது. கேமின் மேட்டில் உரசிக்கொண்டே நகரும். நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் தேய்மானத்தைத் தடுக்கிறது. இன்றைய புதிய தரப் பெட்ரோல் இன்ஜின் ஆயில்களில் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இந்தச் சேர்மானத்தைக் குறைத்திருக்கிறார்கள். பழைய இன்ஜினில் கடினமான ஸ்பிரிங்கையும் போட்டு, கடையில் கிடைத்த புதிய ரக ஆயிலையும் ஊற்றினால், கேமின் மேடுகள் சீக்கிரமே தேய்ந்து தட்டையாகும். ஹெட் வேலை செய்யப் போய் கடைசியில் கேம் ஷாஃப்ட்டையும் கழற்ற வேண்டிவரும்.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

இந்த மாற்றம் ஏமாற்று வேலை அல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற செவ்ரோலே சிறிய வி8 இன்ஜினில் கம்பெனி ராக்கர் விகிதம் 1.5. அதை 1.6 ஆக்குவது அங்கே பல்லாண்டுகளாக நடக்கும் வழக்கம். இங்கிலாந்தில் மினி காரின் இன்ஜினுக்கும் இப்படி உயர்விகித ராக்கர்கள் விற்கிறார்கள். சில ராக்கர்களில் வால்வைத் தொடும் முனையில் சிறு உருளை இருக்கும். உரசுவதற்குப் பதில் உருள்வதால் வால்வு கைடில் பக்கவாட்டுத் தேய்மானம் குறையும்.

ஆனால் அவர்கள் அந்த வண்டிகளை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயங்கள் நடக்கின்றன. பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். ஸ்பிரிங்கை அளந்து, தளர்ந்ததை மாற்றுவார்கள். நம் வீட்டு வண்டியின் ஹெட்டை நாம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இறக்குகிறோம்?

தினசரி ஓடும் வண்டிக்கும் அதிக சுழற்சி சக்திக்கும் இடையில் உள்ள இந்த முரண்பாடு கார் கம்பெனிகளுக்கும் தெரியும். ஹோண்டா நிறுவனம் 1989இல் கொண்டுவந்த விடெக் முறை இதற்கு ஒரு விடை. குறைந்த சுழற்சியில் சிறிய கேம் மேடும், அதிக சுழற்சியில் ஆயில் அழுத்தத்தால் ஒரு ஊசி நகர்ந்து ராக்கர்களை ஒன்றாகப் பூட்ட, பெரிய கேம் மேடும் வேலை செய்யும். ஊருக்குள் ஒரு குணம், வேகத்தில் ஒரு குணம். அந்த வசதி இல்லாத பழைய இன்ஜினில் ராக்கரை மாற்றினால், ஒரு குணத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம் என்றுதான் பொருள்.

நம் மலைப்பாதைக்கு எது தேவை?

கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். குமுளி சுமார் 900 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தன் சக்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை இழக்கும். கம்பத்தில் 50 குதிரைத்திறன் தந்த இன்ஜின் குமுளியில் இரண்டரைக் குதிரைத்திறனை இழந்திருக்கும். போடிமெட்டு ஏறினால் இழப்பு இன்னும் அதிகம். இது எல்லா வண்டிக்கும் பொது.

அடுத்து, ஏற்றத்தில் நாம் எந்தச் சுழற்சியில் ஓட்டுகிறோம்? அம்பாசிடரை இரண்டாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஏற்றினால் இன்ஜின் சுமார் 2000 முதல் 3000 சுற்றுக்குள் இருக்கும். உயர்விகித ராக்கரின் பலன் தெரிவதோ அதற்கு மேல், இன்ஜின் மூச்சு வாங்கும் உச்ச சுழற்சியில்தான். கொண்டை ஊசி வளைவில் அந்தச் சுழற்சிக்கு நாம் போவதே இல்லை. சகோதரர் செலவு செய்யவிருந்த பணம் அவர் ஓட்டாத வேகத்துக்கான பணம்.

டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். டீசல் இன்ஜினின் அதிகபட்ச சுழற்சியை எரிபொருள் பம்பில் உள்ள கவர்னர் கட்டுப்படுத்துகிறது. அதோடு டீசலில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால், பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறைவு. அங்கே உயர்விகித ராக்கர் போடுவது வால்வைப் பிஸ்டனில் இடிக்க வைக்கும் வேலை. டீசலில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது

ஏற்றத்தைப் பற்றியே பேசும் நாம் இறக்கத்தை மறந்துவிடுகிறோம். நம் பகுதியிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில் அதே பாதையில் இறங்குகின்றன. அந்த ஜீப்புகளில் இருப்பவர்களில் பலர் நம் ஊர்ப் பெண்கள்.

இறக்கத்தில் வேகத்தோடு வந்து, திடீரென்று சிறிய கியருக்கு மாற்றி கிளட்சை விட்டால், சக்கரம் இன்ஜினைச் சுழற்றும். கவர்னரால் டீசலை நிறுத்த முடியுமே தவிர, சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை நிறுத்த முடியாது. இன்ஜின் தன் எல்லைக்கு மேல் போகும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு மிதக்கும். புஷ் ராடு வளையும். இன்ஜின் பிரேக்கை நம்பி இறங்கும் இடத்தில் இன்ஜினே கைவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே நம் மலைப்பாதையில் வால்வு ஸ்பிரிங் முக்கியம்தான். ஆனால் தேவைப்படுவது பந்தய ஸ்பிரிங் அல்ல. கம்பெனி அளவுக்குக் குறையாத நல்ல ஸ்பிரிங். கூடவே, ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில், வேகத்தைக் குறைத்த பிறகே மாற்றி இறங்கும் பழக்கம்.

கடினமான ஸ்பிரிங் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. புகைக்குழாயை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்தினால், அடைபட்ட புகையின் அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாலிருந்து தள்ளித் திறக்கப் பார்க்கும். அமெரிக்காவில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் உள்ள பிக்அப் வண்டிகளில் வலிமையான எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துபவர்கள் ஸ்பிரிங்கையும் மாற்றுவது இதனால்தான். தேவை தெரிந்து செய்யும் மாற்றம் அது.

முதலில் பார்க்க வேண்டியவை

வண்டி இழுக்கவில்லை என்றால், புதிய பாகம் வாங்குவதற்கு முன் இருப்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று, கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டருக்கும் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால் அங்கே கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கில் குறை. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் குறை.

இரண்டு, வால்வு இடைவெளி. இதைத்தான் நம் மெக்கானிக்குகள் டேப்பெட் அட்ஜஸ்ட் என்கிறார்கள். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும்; வால்வும் குறைவாகத் திறக்கும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரத்தில் எரிந்துபோகும். சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தம் போடாத டேப்பெட் ஆபத்தானது என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். கேஸில் ஓடும் ஆம்னி போன்ற வண்டிகளில் வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி குறையும். அவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அம்பாசிடரில் இடைவெளி வைக்க ஒரு எளிய வழி உண்டு. ஒன்பது கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு வால்வுகளுக்கும் முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றி, 8ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆவதைச் சரிசெய்யுங்கள். 6 திறந்திருக்கும்போது 3. 4 திறந்திருக்கும்போது 5. 7 திறந்திருக்கும்போது 2. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும்.

மூன்று, ராக்கர் ஷாஃப்ட். வால்வு கவரைக் கழற்றினாலே பார்த்துவிடலாம். புஷ் ராடும் வால்வும் இரண்டு பக்கமும் ராக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால், ஷாஃப்ட்டின் அடிப்பக்கம்தான் தேயும். மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஷாஃப்ட்டுக்குள் ஆயில் போகும் சிறு துளைகளில் கசடு அடைத்திருந்தால் தேய்மானம் வேகமாகும். ராக்கரின் முனையில் வால்வு பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தால், ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போல் நின்றுவிடும். கேஜ் சரியான அளவு காட்டும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் டேப்பெட் சத்தம் போகாததற்கு இது ஒரு காரணம்.

நான்கு, ஸ்பிரிங். ஹெட் இறக்கியிருக்கும்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, கம்பெனி கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். மூலைமட்டத்தில் நிறுத்திச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் டெஸ்டர் உள்ள பட்டறையில் விசையையும் அளக்கலாம். ஒன்று குட்டையாகிவிட்டால் எட்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று தளர்ந்த அதே ஓட்டத்தை மற்றவையும் ஓடியிருக்கின்றன.

ஐந்து, இவை போக ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், இக்னிஷன் டைமிங், கிளட்ச், பிரேக் ஒட்டுதல், டயர் காற்று. வண்டி இழுக்காததற்கான காரணம் பல நேரம் இந்தச் சில்லறை விஷயங்களிலேயே அகப்பட்டுவிடும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டுமா?

விருப்பத்துக்காக வைத்திருக்கும் வண்டியில், தெரிந்தே மாற்றுபவர்கள் சில அளவுகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டராவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்தட்டு வால்வு கைடின் தலையிலோ ஆயில் சீலிலோ இடிக்கக் கூடாது. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பொருத்தி, கையால் இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று களிமண்ணின் தடிப்பு சொல்லிவிடும். பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. ராக்கரின் முனை வால்வுத் தண்டின் நடுவில் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் பட்டால் கைடு சாய்வாகத் தேயும்.

இன்னொன்று. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. அதற்கு முன் பெட்ரோலில் இருந்த ஈயம் வார்ப்பிரும்பு வால்வு சீட்டுகளுக்கு ஒரு பூச்சு போலப் பாதுகாப்புத் தந்தது. கடினமான சீட் பதிக்காத பழைய ஹெட்டில் கடினமான ஸ்பிரிங் போட்டால், வால்வு ஓங்கி அடித்து அடித்துச் சீட் இன்னும் வேகமாக உள்வாங்கும். ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் சீட்டை மாற்றுவது முறை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுள்ள பாகத்தைப் போடுவதில் பிரச்சினை இல்லை. இன்ஜினின் தன்மையையே மாற்றிவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்தால், விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கே சிக்கல் வரலாம். தினமும் மாநில எல்லையைக் கடப்பவர்கள் இதை இருமுறை யோசிக்க வேண்டும்.

அந்த அம்பாசிடர் என்ன ஆனது?

சகோதரரின் வண்டியை ஒரு அனுபவசாலி மெக்கானிக்கிடம் காட்டினோம். கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் மிகக் குறைவு. ஆயில் விட்டும் ஏறவில்லை. ஹெட்டை இறக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் ஓரம் எரிந்திருந்தது. ஸ்பிரிங்குகளில் இரண்டு குட்டையாகியிருந்தன. ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தில் நகத்தால் தடவினாலே தெரியும் பள்ளம். அவர் பல மாதமாக மூன்று சிலிண்டரில் மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

வால்வு மாற்றி, சீட் பதித்து, எட்டு ஸ்பிரிங்கும் கம்பெனி அளவிலேயே போட்டு, ராக்கர் ஷாஃப்ட்டைப் புதிதாக மாற்றினார்கள். உயர்விகித ராக்கர் வாங்கவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் மிச்சம் இருந்ததில் பின் டயர் இரண்டையும் மாற்றிக்கொண்டார். வண்டி பறக்கவில்லை. ஆனால் லோயர் கேம்ப்பில் இரண்டாவது கியர் போட்டால் குமுளி வரை திணறாமல் ஏறுகிறது. போன வாரம் அத்தாவை க.விலக்குக்கு அழைத்துப் போய்த் திரும்பும் வழியில் நம்மிடம் பேசினார். "அத்தாதான் முதலில் கவனித்தார், வண்டி பழைய மாதிரி சத்தம் போடுதுன்னு சொன்னார்" என்றார்.

வாசகர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய விஷயம்தான். வண்டியில் புதிதாக எதையும் கூட்டுவதற்கு முன், அதிலிருந்து எது குறைந்துபோயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு கம்ப்ரஷன் மீட்டரும் சொல்லும் பதிலை எந்த வீடியோவும் சொல்லாது.